நாயோடு கூடாரம் அடித்தல்: ஆறடிக் கயிற்றின் இரு முனைகள் குறித்த ஓர் ஆய்வு

நாயோடு கூடாரம் அடித்தல் என்பது, வீட்டில் மெத்தையும் கூரையும் உடைய இரண்டு உயிர்கள், அவை இரண்டும் இல்லாத ஓர் இடத்துக்குத் தாமே விரும்பிச் சென்று, மெல்லிய நைலான் துணிக்குள் இரவைக் கழிப்பதாகும். இவ்விரு உயிர்களில் ஒன்று கட்டணம் செலுத்தும்; மற்றது செலுத்தாது. துறையின் மற்ற வேறுபாடுகள் எல்லாம் இதிலிருந்தே கிளைக்கின்றன. மனிதர் நாயை அழைத்துப் போகிறார் என்று சொல்வதே உலகவழக்கு. சட்டம், வடிவியல், இரவு நேர நடப்பு ஆகிய மூன்றையும் வைத்துப் பார்த்தால் நிலைமை நேர்மாறானது: கூடாரவாசி நாய்தான், மனிதர் உடன் செல்லும் ஊழியர்.

நாயுடன் மலையேறியவர்களுள் மூத்தவர் மகாபாரதத்துத் தருமர். சொர்க்கத்தின் வாசலில் தடுக்கப்பட்டவர்களுள் மூத்தவரும் அவரே. நாய்க்கு உள்ளே இடமில்லை என்றான் இந்திரன். அப்படியானால் எனக்கும் வேண்டாம் என்றார் தருமர். கடைசியில் அந்த நாயே தருமதேவதை என்று தெரியவந்ததால் விவகாரம் சுமுகமாக முடிந்தது. பிற்கால நாய்கள் எதுவும் சோதனைச் சாவடியில் அவ்வாறு உருமாறியதில்லை. ஆகவே விதிகள் தேவைப்பட்டன.

விதிகள் ஏன் தேவை என்பதற்கு இலக்கியச் சான்றும் உண்டு. அமெரிக்க நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக், 1960-இல் சார்லி என்னும் பூடில் நாயை ஏற்றிக்கொண்டு தம் நாட்டைச் சுற்றிவந்தார். அந்தப் பயண நூல் 1962-இல் வெளியானது. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் வாயிலில், கரடிகள் உண்டு, எச்சரிக்கை என்று சொல்லப்பட்டபோது, தம் நாய் சாதுவானது என்று உறுதி கூறினார் ஸ்டைன்பெக். உள்ளே போன சற்று நேரத்தில் சாலையோரம் ஒரு கரடி தென்பட்டது. அதுவரை வம்புதும்புக்குப் போகாத சார்லி, வண்டிக்குள்ளிருந்தபடியே வெறிகொண்டு குதித்தது. நோபல் பரிசு பெறவிருந்த எழுத்தாளர் வண்டியைத் திருப்ப வேண்டியதாயிற்று. நாயின் குணம் பற்றி உரிமையாளர் தரும் நற்சான்றிதழ், கரடி இல்லாத ஊர்களில் மட்டுமே செல்லுபடியாகும் என்பது இதனால் பெறப்படும்.

அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் வளர்ப்புப் பிராணிகளுக்கான அடிப்படை விதி, கூட்டாட்சி ஒழுங்குமுறைத் தொகுப்பின் 36-ஆம் தலைப்பில் 2.15 என்னும் பிரிவில் உள்ளது. நாயைக் கயிற்றில் பிடித்திருக்க வேண்டும். கயிறு ஆறடிக்கு மேல் போகக் கூடாது. அதற்கென ஒதுக்கிய இடம் தவிர வேறெங்கும் எதிலாவது கட்டிப்போட்டுவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. நாய் அளவுக்கு மீறிச் சத்தம் போடக் கூடாது. ஊன்றிப் படித்தால் ஓர் உண்மை புலப்படும்: இவ்விதிகளை மீறுவது நாயாக இருக்கலாம், அபராதச் சீட்டு எழுதப்படுவது மனிதர் பெயரில். கட்டிப்போட்டுவிட்டுப் போகக் கூடாது என்னும் விதியால், கயிற்றின் ஒரு முனையில் நாயும் மறுமுனையில் மனிதரும் ஒருசேரக் கட்டுண்டு கிடக்கின்றனர். எந்த முனை கட்டும் முனை, எந்த முனை கட்டப்பட்ட முனை என்று சட்டம் விளக்கவில்லை. நாய்களுக்கு இதில் ஐயம் இருப்பதாகத் தெரியவில்லை.

ஆறடி என்ற அளவு எல்லாப் பூங்காவுக்கும் பொது. எங்கெல்லாம் நடக்கலாம் என்பது பூங்காவுக்குப் பூங்கா மாறும். கிரேட் ஸ்மோக்கி மலைப் பூங்காவில் 800 மைலுக்கு மேல் நடைபாதைகள் உண்டு. நாய்க்குத் திறந்தவை குறுகிய பாதைகள் இரண்டே. யெல்லோஸ்டோனில் சாலை, வாகன நிறுத்தம், முகாம் திடல் ஆகியவற்றிலிருந்து 100 அடிக்கு அப்பால் நாய் காலடி வைக்க முடியாது. இந்தப் பின்னணியில்தான் வர்ஜீனியா மாநிலத்தின் ஷெனண்டோவா பூங்கா நாயுடையோரின் புண்ணியத்தலமாகிறது. 1926-இல் நாடாளுமன்ற ஒப்புதல் பெற்று 1935-இல் நிறுவப்பட்ட இப்பூங்கா, புளூ ரிட்ஜ் மலைமுகட்டில் நீளவாக்கில் கிடக்கிறது. முகட்டின் மேலேயே 105 மைல் ஓடுகிறது ஸ்கைலைன் டிரைவ் என்னும் சாலை. இருபுறமும் அடிவாரத்தில் பண்ணைகளும் லூரே போன்ற சிற்றூர்களும். ஏறத்தாழ 500 மைல் நடைபாதைகளில் 20 மைலுக்கும் குறைவான பகுதியே நாய்க்குத் தடை. ஓல்ட் ராக் என்னும் பாறைமலை தடைப் பட்டியலில் உண்டு. கைகளையும் ஊன்றித் தவழ்ந்தேற வேண்டிய பாறைகள் அங்கே இருக்கின்றன. நான்கு கால் உள்ளவற்றை விலக்கிவிட்டு இரண்டு கால் உள்ளவர்களை நான்கு காலில் ஏற அனுமதித்திருப்பது தனி ஆய்வுக்குரியது.

பல தேசியப் பூங்காக்களில் நாய்களைக் கௌரவ ரேஞ்சர்களாக்கும் திட்டம் ஒன்று நடக்கிறது. கடமைகள் நான்கு: கழிவைப் பையில் அள்ளுதல், கயிற்றை விடாதிருத்தல், காட்டுயிர்களுக்கு மதிப்பளித்தல், எங்கே போகலாம் என்று அறிந்திருத்தல். உறுதிமொழி நாயின் பெயரால் எடுக்கப்படுகிறது. பல இடங்களில் கழுத்தில் தொங்கவிட வில்லையும் கிடைக்கிறது. நான்கில் மூன்றை முழுக்க முழுக்க மனிதரே செய்கிறார். மூன்றாவது கடமையில் நாய்க்கும் பங்குண்டு. அதை நாய் அணில் தென்படும்வரை செவ்வனே நிறைவேற்றுகிறது.

இனி வடிவியல். ஆறடிக் கயிற்றை ஆரமாகக் கொண்ட வட்டத்தின் பரப்பு 113 சதுர அடி. நாய்க்கு இது போதும் என்றே தோன்றும். ஆனால் வட்டத்துக்குள் ஒரு மரம் வந்துவிட்டால் கணக்கு மாறுகிறது. ஓரடி விட்டமுள்ள ஓக் மரத்தை நாய் ஒருமுறை சுற்றினால் மூன்றடிக்குச் சற்று மேல் கயிறு தீர்ந்துபோகிறது. இரண்டாம் சுற்று முழுமையடைவதற்குள் நாயின் கன்னம் மரப்பட்டையோடு ஒட்டிவிடுகிறது. எதிர்த்திசையில் சுற்றினால் கயிறு அவிழும் என்பது எளிய கணிதம். ஆனாலும் எந்த நாயும் அந்தத் திசையில் சுற்றுவதில்லை. அது நின்ற இடத்தில் நின்றபடி மனிதரைப் பார்க்கிறது. மனிதர் எழுந்து போய், கயிற்றின் மறுமுனையோடு தாமே மரத்தை இரண்டு சுற்றுச் சுற்றுகிறார். தொலைவிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது அரசமரம் சுற்றுவது போலவே தோன்றும். பலனும் ஏறக்குறைய அதே அளவு உடனடியானதுதான்.

மூட்டைமுடிச்சு பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நாய்க்குத் தீனி, தீனிக் கிண்ணம், தண்ணீர்க் கிண்ணம், துண்டு, விரிப்பு, வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றிதழ். எஞ்சிய இடத்தில் மனிதரின் மாற்றுடை. ஆனால் தீனியை வைக்கும் இடம் முக்கியம். ஷெனண்டோவாவில் அமெரிக்கக் கருங்கரடிகள் வாழ்கின்றன. உணவுப் பொருள்களைப் பயன்படுத்தாத நேரத்தில் காருக்குள் பூட்டி வைக்க வேண்டும், அல்லது கரடியால் திறக்க முடியாத இரும்புப் பெட்டியில் வைக்க வேண்டும். நாய்த்தீனியும் இதில் அடங்கும். கழுவாத கிண்ணமும் அடங்கும். மோப்பத்தில் கரடி நாயைவிடக் குறைந்ததல்ல என்பதை நாயை வைத்திருப்பவரே மறந்துவிடுவதுண்டு.

ஷெனண்டோவாவின் பிக் மெடோஸ் முகாம் திடலில் மாலை நேரத்தைக் கவனித்தால் துறையின் செயல்முறை விளங்கும். இரும்பு வளையத்துக்குள் விறகு புகைகிறது. மனிதரின் இடக்கையில் வாணலி, வலக்கையில் கரண்டி. நாய்க்கயிறு செருப்புக்கடியில் மிதிபட்டிருக்கிறது. அந்தத் திடலில் மான்களுக்கு மனித பயம் அற்றுப்போய்விட்டது. மான் ஒன்று பத்தடி தூரத்தில் வந்து நின்று புல் கடிக்கிறது. நாய் குரைக்கவில்லை, உடம்பு மட்டும் விறைக்கிறது, ஒரு முன்னங்கால் தூக்கியபடி நிற்கிறது. அடுத்து நடப்பது செருப்பின் பிடிமானத்தையும் நாயின் எடையையும் பொறுத்தது. கௌரவ ரேஞ்சரின் மூன்றாம் கடமை தேர்வுக்கு வருவது இந்த இடத்தில்தான். வாணலியில் இருப்பது தரைக்கு வந்தால் நாய் உடனே மானை மறந்துவிடும் என்பதால், காட்டுயிர்ப் பாதுகாப்பில் சாஸேஜின் பங்கு குறைத்து மதிப்பிடத்தக்கதல்ல.

கூடாரத்துக்குள் நாய் நேரே படுத்துவிடுவதில்லை. சுற்றிச் சுற்றி வந்து, தரையை முன்னங்காலால் பிறாண்டிவிட்டுத்தான் படுக்கும். கம்பளத்தின் மேலும் நாய்கள் இவ்வாறு செய்வதை டார்வின் 1872-ஆம் ஆண்டு நூலில் குறிப்பிட்டு, புல்வெளியில் புல்லை மிதித்துக் குழி பறித்துப் படுத்த முன்னோரின் பழக்கம் பயனற்ற நிலையிலும் தொடர்கிறது என்று கருதினார். டார்வின் நைலானைக் காணாதவர். கூடாரத் தரைத்துணியின் மேல் இந்தப் பழக்கம் பயனற்றதல்ல. ஒரே இரவில் துணியைச் சல்லடையாக்கும் ஆற்றல் வாய்ந்தது. இருவர் படுக்கும் கூடாரம் என்று விற்கப்படுவதன் அகலம் பொதுவாக நான்கரை அடி அளவில் இருக்கும். லாப்ரடார் ஒன்று குறுக்கே கால் நீட்டிப் படுத்தபின் மனிதருக்கு எஞ்சுவது அகலமல்ல, ஓரம். அதற்கு ஈடாக வெப்பம் கிடைக்கிறது: நாயின் உடல்வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை. மலைமுகட்டின் விடியற்குளிரில் இது உதவிதான். ஆகஸ்ட்டில் அல்ல.

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அமைதி காக்க வேண்டும் என்பது விதி. மனிதரின் செவிக்கு எட்டும் ஒலி 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. நாய்க்கு 40,000-க்கு மேலும் கேட்கும். ஆகவே திடலில் அமைதி நிலவுகிறது என்று மனிதர் கருதும் அதே வேளையில் நாய்க்கு அது சந்தைக்கடை. மூன்றாவது கூடாரத்தில் ஒருவர் பொட்டலம் பிரிப்பது, ரக்கூன் குப்பைத்தொட்டி மூடியைச் சோதிப்பது, எலி இலைமேல் ஓடுவது எல்லாம் அறிவிக்கப்பட வேண்டிய செய்திகள். ஒரு நாய் அறிவித்தால் மற்ற நாய்கள் வழிமொழியும். ஐந்து நிமிடத்தில் தீர்மானம் நிறைவேறிவிடும்.

அதிகாலை ஐந்து மணி வாக்கில் ஜிப்பைத் திறக்கச் சொல்லி மூக்கு முட்டும். இதன் நோக்கம் பற்றிச் செம்மையான ஆய்வே உண்டு. செக், ஜெர்மன் ஆய்வாளர்கள் 37 இனங்களைச் சேர்ந்த 70 நாய்களை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து, 1,893 மலங்கழிப்புகளைத் திசைவாரியாகக் குறித்துவைத்து, புவியின் காந்தப்புலம் சலனமின்றி இருக்கும்போது நாய்கள் வடக்கு-தெற்கு அச்சில் உடலை நிறுத்தவே விரும்புகின்றன என்று 2013-இல் வெளியிட்டனர். அடுத்த ஆண்டு இதற்கு உயிரியலுக்கான இக் நோபல் என்னும் வேடிக்கைப் பரிசு கிடைத்தது. ஈரப்புல்லில் செருப்பில்லாமல் நின்று, இந்த இடம் சரியில்லை, அந்த இடமும் சரியில்லை என்று கயிற்றை இழுக்கும் நாயைக் கடிந்துகொள்பவர்கள், அது திசைகாட்டி இல்லாமலே துல்லியமான அளவைப் பணி ஒன்றில் ஈடுபட்டிருப்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும். அளவை முடிந்ததும் பையோடு குனிவது மனிதரின் பங்கு. திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று முடிச்சுப் போட்ட பையைப் பாதையோரம் வைத்துப் போகும் வழக்கம் பரவலாக உண்டு. அதே வழியில் திரும்பாதவர்கள் எத்தனை பேர் என்பதற்கு அந்தப் பைகளே சாட்சி.

ஓடையில் இறங்கிய நாய் கரையேறிய பிறகு செய்வது 2012-இல் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்களால் அதிவேகக் கேமராவில் பதிவு செய்யப்பட்டது. தளர்ந்த தோல் உடலைத் தாண்டியும் வீசித் திரும்புவதால், ரோமத்தில் உள்ள நீரில் 70 சதவீதம் சில வினாடிகளில் வெளியேறுகிறது. லாப்ரடார் வினாடிக்கு நான்கைந்து முறை குலுக்கும்; சுண்டெலி அதைவிடப் பன்மடங்கு வேகமாகக் குலுக்கும். எங்கே நின்று குலுக்க வேண்டும் என்பதை நாய் எவ்வாறு தேர்கிறது என்று அந்த ஆய்வு ஆராயவில்லை. முகாம் திடல்களில் காண்பதை வைத்துச் சொன்னால், கூடாரத்தின் கதவு திறந்திருப்பதும் உள்ளே தூக்கப்பை விரித்திருப்பதும் முடிவைத் தீர்மானிக்கும் காரணிகள். மீதி 30 சதவீதம் தூக்கப்பைக்குள் வந்து சேரும்.

கரடியைவிட அஞ்ச வேண்டியது ஸ்கங்க். கறுப்பு உடலில் வெள்ளைப் பட்டையோடு, பூனை அளவில், அவசரமே இல்லாமல் நடக்கும் இந்தப் பிராணி, பீய்ச்சுவதற்கு முன் முன்னங்காலால் தரையைத் தட்டி, வாலை உயர்த்தி முறையாக எச்சரிக்கும். நாய்க்கு இது விளையாட்டுக்கான அழைப்பாகப் படுகிறது. பீய்ச்சும் திரவம் பத்தடி வரை எட்டும். இங்கே சட்டத்தையும் வடிவியலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: நாயின் மூக்கு ஸ்கங்கிலிருந்து இரண்டடியில் இருந்தால், ஆறடிக் கயிற்றைச் சட்டப்படி பிடித்திருக்கும் மனிதர் ஏறக்குறைய பத்தடிக்குள்ளேயே நிற்கிறார். நாற்றத்துக்குக் காரணம் தயால் எனப்படும் கந்தகச் சேர்மங்கள். தக்காளிச் சாறு ஊற்றுவது பழைய வைத்தியம். அதனால் நாற்றம் போவதில்லை, மூக்குதான் மரத்துப்போகிறது. பால் கிரேபம் என்னும் வேதியியலாளர் 1993-இல் பரவச் செய்த கலவையே பலன் தருவது: 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு சுமார் ஒரு லிட்டர், கால் கப் சமையல் சோடா, ஓரிரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவ சோப்பு. கலந்த சூட்டோடு, கண்ணில் படாமல் தேய்த்து, ஐந்து நிமிடம் விட்டு அலச வேண்டும். மிச்சத்தைப் புட்டியில் மூடி வைக்கக் கூடாது; வெளியேறும் ஆக்சிஜன் புட்டியை வெடிக்கச் செய்யும். பெராக்சைடு புட்டியைக் கையோடு கொண்டுவந்திருப்பவர், ஏற்கெனவே ஒருமுறை ஸ்கங்கைச் சந்தித்தவர் என்று எளிதில் அனுமானிக்கலாம்.

வீடு திரும்பியபின் எஞ்சும் கடைசிச் சடங்கு உண்ணி தேடுதல். புல்லின் நுனியில் கால்களை விரித்துக் காத்திருக்கும் மான் உண்ணி, வர்ஜீனியா உட்பட கிழக்கு அமெரிக்காவில் லைம் நோயைப் பரப்புவது. கடித்தவுடன் கிருமி தொற்றிவிடுவதில்லை. பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் ஆபத்து. ஆகவே அன்றைக்கே பார்த்துவிட வேண்டும்: காதுமடலின் உட்புறம், கழுத்துப்பட்டையின் அடி, கால்விரல் இடுக்கு, அக்குள். அகப்பட்டால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக மேலே இழுக்க வேண்டும். வழக்கமாக நாயைத்தான் முதலில் மடியில் போட்டுத் தேடுகிறார்கள். வரிசை தவறானது. நாய்க்கு உண்ணிமருந்து கொடுக்கப்பட்டிருக்கும். லைம் நோய்க்குத் தடுப்பூசியும் கிடைக்கிறது. மனிதருக்கென 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற தடுப்பூசி, வாங்குவார் குறைந்து 2002-இல் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. எனவே முதலில் சட்டையைக் கழற்ற வேண்டியவர் மனிதர். அவர் முதுகைத் தடவிப் பார்க்க வீட்டில் வேறொருவர் தேவைப்படும், ஏனெனில் நாய் அதற்குள் சோபாவில் ஏறித் தூங்கியிருக்கும்.