ஒரு 'ற்' செய்யும் வேலை

கேள்வி: 'ஏமாறு', 'ஏமாற்று' – என்ன வித்தியாசம்? 'அல்வா கொடுப்பது' எப்படி ஏமாற்றுவது ஆனது?

பதில்: வித்தியாசம் ஒரே ஒரு 'ற்'தான்! மாறு–மாற்று, ஏறு–ஏற்று மாதிரி, தன்வினைக்குள் அது புகுந்தால் பிறவினை. போன வாரம் தெருமுனை வண்டியில் ஒரு கிலோ தக்காளி வாங்கினேன். வீட்டில் பையைக் கவிழ்த்தால் அடியில் நாலு அழுகல். "ஏமாத்திட்டான்" என்றேன். "ஏமாந்துட்டீங்க" என்று திருத்தினார் மனைவி. இலக்கணப்படி இரண்டுமே சரி. வீட்டு வழக்கப்படி அவர் சொன்னதுதான் சரி.

அல்வா பாவம், அரபியில் வெறும் 'இனிப்பு'. இங்கே அதன் பெயர் கெட்டதில் 'அமைதிப்படை' (1994) சத்யராஜுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தப் படத்தில் அவர் கொடுத்த அல்வா அப்படி! திருநெல்வேலிக்காரர் நீட்டினால் மட்டும் தைரியமாக வாங்கிச் சாப்பிடுங்கள்.