புதைந்த லொறியும் பொருந்தாக் கயிறும்: திருகோணமலை மாவட்டத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

திருகோணமலை மாவட்டத்தில் லொறி புதைவதற்கென்று இருவகை நிலம் உண்டு. வடக்கே உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளிக் கரையோரத்து மணல். தெற்கே, மகாவலி கொட்டியாரக் குடாவில் வந்து விழும் மூதூர், கிண்ணியாப் பக்கத்துச் சேறு. மணலில் ஆண்டு முழுவதும் புதையலாம். சேற்றுக்கு வடகீழ்ப் பருவமழை வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். நிலம் இரண்டானாலும் மீட்பு நெறி ஒன்றே: கிட்ட எந்தக் கயிறு கிடைக்கிறதோ அது, இரண்டு கிடைத்தால் தடித்தது. இந்நெறி துறைமுகத்தில் பிறந்தது என்பதும், கயிற்று விடயத்தில் துறைமுகம் ஊருக்குப் பிழையான பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

உலகின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றை வாசலில் வைத்திருக்கும் ஊர், கயிற்றைக் கப்பலைக் கொண்டே அளக்கும். சீனன்குடாவில் கோதுமைக் கப்பலைக் கட்டி நிறுத்தும் வடத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, மற்றதெல்லாம் துணி காயப்போடும் கொடியாகத்தான் தெரியும். ஆனால் கப்பல் வடத்தின் கடமை அசையாமல் வைத்திருப்பது. மீட்புக் கயிற்றின் கடமை அசைத்துவிடுவது. “கப்பலையே பிடித்த கயிறு பத்துத் தொன் லொறியை இழுக்காதா?” என்பது இத்துறையில் அடிக்கடி எழுப்பப்படும் மறுப்பு. விடை மூன்று கூறுகளை உடையது. கப்பலைப் பிடித்தது ஒரு கயிறல்ல, பல. மிதக்கும் கப்பல் சிறு விசைக்கும் மெல்ல இசையும். அச்சுவரை இறங்கிய லொறியோ தன் எடைக்கு நிகரான விசையைக் கேட்கும், சேறு உறிஞ்சிப் பிடித்தால் அதற்கு மேலும் கேட்கும். மூன்றாவதாக, லொறிக்காரர் கைக்கு வருவது கப்பல் வேண்டாமென்று கழித்த கயிறு. வெயில் தின்ற பொலிபுரொப்பிலீன் கயிறு பருமனில் குறைவதில்லை. நகத்தால் சுரண்டினால் மட்டும் நார் தூளாக உதிரும்.

தடிப்பை விட்டால் எதைப் பார்ப்பது? நீட்சியை. இங்கு வயர்வாதிகள் குறுக்கிடுவர்: இரும்பு வடம் நீளாது, ஆகவே அதுவே உத்தமம் என்பர். நீளாமையே அதன் குற்றம். இழுக்கும் வண்டி பாய்ந்ததும் முழு விசையும் ஒரே கணத்தில் கொக்கியில் இறங்கும். லொறி நிற்க, பம்பர் மட்டும் மீட்கப்படும். நைலோன் மீட்புக் கயிறோ அறுவதற்குள் ஏறக்குறைய 30 வீதம் வரை நீண்டு, பாய்ச்சலின் ஆற்றலை வாங்கிவைத்து, சில்லு மண்ணை விட்டு எழும்பும்வரை விடாமல் செலுத்தும். இந்நைலோனுக்கும் திருகோணமலைக்கும் வரலாற்றுத் தொடர்பும் உண்டு. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தில் குண்டு வீசின; அதே நாளில் பிலிப்பைன்ஸில் பட்டான் குடாநாடு ஜப்பானியரிடம் சரணடைந்தது. உலகக் கப்பல்களுக்குக் கயிறு கொடுத்த மணிலா நார் நேச நாடுகளுக்குக் கிடைக்காமல் போக, அவ்விடத்தை நிரப்பியவற்றுள் நைலோனும் ஒன்று. குண்டு விழுந்த ஊரே அக்கயிற்றின் குணத்தை இன்னும் அறியாதிருப்பது ஆய்வாளருக்கு வியப்பளிக்கிறது.

நீளும் கயிறு அறுந்தால் சீறித் திரும்புமே என்பது நேர்மையான மறுப்பு, ஏற்கத்தக்கது. வாங்கிவைத்த ஆற்றல் அத்தனையும் அப்போது கொக்கியோடு பறந்துவரும். ஆனால் இது கயிற்றை மாற்றுவதற்கான காரணமல்ல, ஆலோசனை கூறுவோரை அப்புறப்படுத்துவதற்கான காரணம். புதைந்த லொறியைச் சுற்றிக் கூடும் நிபுணர் குழு, கயிற்றின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு தூரத்தில் நின்றும் அதே கருத்துகளைச் சொல்லலாம். கயிற்றின் நடுவில் ஈரச்சாக்கு ஒன்றைப் போடுவதும் நன்று. முறிவு வலிமை லொறியின் சுமையோடு சேர்ந்த எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு இருக்க வேண்டும். நனைந்த நைலோன் 10 வீதத்துக்கு மேலும் வலிமை இழக்கும் என்பதையும் கழித்துக்கொள்ள வேண்டும். முடிச்சு அதைவிடக் கேடு, ஏறக்குறையப் பாதி வலிமையைத் தின்றுவிடும். இழுத்து இறுகிய முடிச்சை அவிழ்க்க முடியாமல் கத்தியால் அறுப்பதால், ஒவ்வொரு மீட்பிலும் கயிறு ஒரு முழம் குறைகிறது. நுனியில் புரி பின்னிய கண்ணி உள்ள கயிறே இவ்விரு நட்டத்துக்கும் மருந்து.

எஞ்சியிருப்பது விலை பற்றிய மறுப்பு: இத்தகைய கயிற்றின் காசுக்கு உழவு இயந்திரத்தையே வாடகைக்குப் பிடிக்கலாமே? பிடிக்கலாம், வந்த உழவு இயந்திரக்காரர் முதலில் கேட்பது கயிறு. மண்வெட்டியால் சில்லின் முன்மண்ணை வெட்டி, டயர்க் காற்றைக் குறைத்து, பலகை வைத்தால் கயிறே தேவைப்படாது என்போரும் உளர். அவர்கள் கூற்று பெரும்பாலும் சரி. மண்வெட்டியும் கயிற்றோடு லொறியிலேயே கிடக்கட்டும். புதைந்த பிறகு நடப்பது இரவல் கேட்பதுதான். கயிற்றைத் தெரிவுசெய்ய வேண்டுமென்றால், லொறி இன்னும் தார் வீதியில் நிற்கும்போதே செய்தாக வேண்டும்.