ஒண்ணேகால் பவுன் போல்ட்

கோயம்புத்தூரில் இருந்துகொண்டு போல்ட்டுக்கு அலைந்தேன் என்றால், திருப்பதியில் மொட்டையடிக்க ஆள் கிடைக்கவில்லை என்றதுபோலச் சிரிப்பீர்கள். லேத் பட்டறை தெருவுக்குத் தெரு உண்டு. செட்டிப்பாளையத்தில் கரிவரதன் பெயரில் ரேஸ் தடமே உண்டு. ஆனால் நான் தேடியது டைட்டானியம் போல்ட்.

காரணம், நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து கட்டிய ரேஸ் கார். 8 மில்லிமீட்டர் கனமும் 30 மில்லிமீட்டர் நீளமும் உள்ள இரும்பு போல்ட் ஏறக்குறைய 17 கிராம். அதையே டைட்டானியத்தில் செய்தால் 10 கிராம்தான். நூறு போல்ட் மாற்றினால் 700 கிராம் மிச்சம். அலையும் வேலை மட்டும் எனக்கு.

"டைட்டனுங்களா? வாட்ச் கடையில கேளுங்க" என்றார் முதல் கடைக்காரர். லேத்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். கடையும்போது இந்த உலோகம் சூட்டை வெளியே விடாது. டூல் முனை கருகும், மெல்லிய சீவல் தீப்பிடிக்கவும் செய்யும். வேடிக்கை என்னவென்றால், இதற்கான தாது மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இல்மனைட்டாகக் கிடக்கிறது. மணல் நம்மூர், போல்ட் வந்ததென்னவோ வெளிநாட்டுப் பார்சலில்.

மெக்கானிக் அண்ணன் ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தார். "ஏனுங் தம்பி, எவர்சில்வர் மாதிரியில்ல இருக்குது?"

காந்தம் வைத்துக் காட்டினேன். ஒட்டவில்லை.

"டம்ளர்லயுந்தான் ஒட்டாது. கிரைண்டர்ல ஒரு உரசு உரசுனா தெரிஞ்சுரும். டைட்டானியம்னா பொறி வெள்ளை வெளேர்னு பறக்கும்."

கொடுத்த விலைக்கு, அதன்மேல் மூச்சு விடவே எனக்கு மனசில்லை. இவர் உரசச் சொல்கிறார். பேசாமல் ராஜ வீதிக்குப் போய், தெரிந்த நகைக்கடையில் தராசில் வைத்தேன். சரியாகப் பத்து கிராம். எவர்சில்வராக இருந்தால் முள் பதினேழுக்கே போயிருக்கும்.

"ஒண்ணேகால் பவுன்" என்றார் கடைக்காரர், பழக்க தோஷத்தில். "சேதாரம் எவ்வளவு போட்டாங்க?"

கஸ்டம்ஸ் வரியை நினைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டேன்.

வென்ற மிதப்பில் முதல் போல்ட்டை நானே முடுக்கினேன். நட்டும் டைட்டானியம். இரண்டும் உலர்ந்தபடி உரசினால் மரையோடு மரை கடித்துக்கொள்ளும். அதற்கென்றே உள்ள பசையைத் தடவித்தான் மாட்ட வேண்டும். பசை டப்பா பக்கத்திலேயே இருந்தது, சீல் உடைக்காமல். பாதி வழியில் நட்டு நின்றது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. ஸ்பானரில் தொங்கியும் பார்த்தேன், கார்தான் அசைந்தது.

அண்ணன் ஒன்றும் பேசாமல் கிரைண்டரை எடுத்து வந்தார். பட்டறை முழுக்கத் தீபாவளி மத்தாப்பு, வெள்ளை வெளேரென்று.

"அசல் டைட்டானியந்தானுங் தம்பி" என்றார், நிறைந்த மனசோடு.

செய்கூலி, சேதாரம் இரண்டும் என் கணக்கில்.