மந்திர மணியை உடைக்கும் கலை

லோகத்தில் மனிதர்கள் எத்தனையோ விதமான காரியங்களைச் செய்து பொழுதைப் போக்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை வேளைகளில் நான் வரித்துக்கொண்டிருக்கும் உத்தியோகம், பூவுலகில் எங்கும் இல்லாத மந்திரப் பொருள்களை மிகுந்த பிரயாசையுடன் சிருஷ்டித்து, அதைவிட மிகுந்த பிரயாசையுடன் அவற்றை உடைத்து, உடைந்த துண்டுகளை மலைக்கொன்றும் மடுவுக்கொன்றுமாக ஒளித்துவைத்துவிட்டு, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஐந்து பேர் அவற்றைத் தேடி அலைவதைப் பார்த்துக்கொண்டிருப்பது. “ஏன் மாப்பிள்ளை, இதற்குச் சம்பளம் ஏதாவது உண்டோ?” என்று என் மாமியார் ஒரு சமயம் விசாரித்தார். இல்லை என்றேன். “அப்படியானால் உடைக்காமலே கொடுத்துவிடலாமே” என்றார்.

அவருடைய கேள்விக்குப் பதில் சொல்லுமுன், விஷயத்தை அறியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெஸன் என்ற இருவர் இயற்றி 1974-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்ற விளையாட்டே இந்த வகைக்கெல்லாம் ஆதிமூலம். ஒருவர் கதை சொல்லுவார். அவருக்கு டன்ஜன் மாஸ்டர் என்று பெயர். மற்றவர்கள் வீரன் என்றும் மந்திரவாதி என்றும் திருடன் என்றும், அரிதாரம் பூசாமலே வேஷம் கட்டிக்கொண்டு, “நான் கதவை உதைக்கிறேன்”, “நான் பூதத்தின் காலை வெட்டுகிறேன்” என்று வாயாலேயே சாகசம் புரிவார்கள். வெட்டு விழுந்ததா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை தீர்மானிக்கும். வைத்தியச் செலவில்லாமல் யுத்தம் செய்வதற்கு இதைவிடச் சிறந்த மார்க்கம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்பது என் அபிப்பிராயம்.

இந்த விளையாட்டில் உடைந்த பொருள்களின் சரித்திரம் 1976-இல் தொடங்குகிறது. அவ்வாண்டு கைகாக்ஸும் பிரையன் புளூம் என்பவரும் சேர்ந்து எழுதிய ‘எல்ட்ரிச் விஸர்ட்ரி’ என்ற அனுபந்தப் புத்தகத்தில் ஏழு துண்டுத் தடி என்ற ஒன்று முதன்முதலாகத் தலைகாட்டியது. பிற்பாடு அதற்கு ஒரு ஸ்தல புராணமே எழுதிவிட்டார்கள். காற்றின் பிரபுக்கள் என்ற ஒரு கூட்டத்தார் குழப்பத்தின் ராணியை எதிர்த்துப் போரிட்ட காலத்தில் அந்தத் தடியைச் செய்தார்களாம். பெஷ் என்ற போர்க்களத்தில், அவளுடைய சேனாதிபதியும் ஓநாயும் சிலந்தியும் கலந்த விசித்திரப் பிறவியுமான மிஸ்காவின் உடலில் பாய்ந்த அது, ஏழாக உடைந்து திசைக்கொன்றாகச் சிதறிற்றாம். முதல் தோற்றத்துக்கு இருபது ஆண்டு கழித்து, 1996-இல், ஸ்கிப் வில்லியம்ஸ் என்பவர் இந்த ஒரு தடியையே ஆதாரமாக வைத்துக்கொண்டு ஒரு பெட்டி நிறையச் சாகசம் எழுதி வெளியிட்டார் என்றால், உடைந்த பொருளுக்கு உள்ள மவுசை ஊகித்துக்கொள்ளலாம்.

அந்தத் தடியின் அமைப்பைக் கூர்ந்து பார்த்தால், செய்தவர்கள் சாமானியர்கள் அல்லர் என்று தெரியும். ஒரு துண்டு கையில் இருந்தால் அடுத்த துண்டு எந்தத் திக்கில் இருக்கிறது என்பதை அதுவே காட்டிக்கொடுக்கும். ஆகையால் வழி தெரியவில்லை என்று சொல்லிச் சாகசக் கோஷ்டியார் சத்திரத்தில் படுத்துக்கொள்ள இடமில்லை. ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியே ஒரு சக்தி உண்டு. துண்டுக்கொன்றாக லத்தீன் மந்திரச் சொல்லும் உண்டு. ஏழு சொற்களையும் வரிசையாகச் சொன்னால், வானமே இடிந்து விழுந்தாலும் நீதி நடக்கட்டும், இதோ சட்டமே அரசன் என்ற பொருள் வரும். வரிசை தப்பி ஒட்டவைத்தாலோ ஒரு துண்டு கண்ணெதிரே மறைந்து வேறெங்கோ தொலைதூரம் போய்விடும். இவை எல்லாவற்றிலும் நான் மெச்சுவது இன்னொரு ஏற்பாட்டை. தடி ஒழுங்கின் ஆயுதமாதலால், அதை வைத்திருப்பவனும் நாளடைவில் ஒழுங்குக்காரனாகிவிடுவான். எங்கள் கோஷ்டியில் திருடன் வேஷம் தரித்த அன்பரிடம் ஒரு சமயம் இதன் மூன்றாவது துண்டு அகப்பட்டது. அன்றிலிருந்து அவன் பூட்டை உடைக்குமுன் கதவைத் தட்டலானான். அடுத்த வாரம், எடுத்த நகைகளுக்கு ரசீது எழுதி வைத்துவிட்டு வந்தான். அசகாய சூரர்களையும் பறக்கும் பாம்புகளையும் விட அந்த ரசீதுதான் எங்கள் கோஷ்டியில் நெடுநாள் பேசப்பட்டது.

தடி முதலில் தலைகாட்டிய ‘எல்ட்ரிச் விஸர்ட்ரி’யிலேயே டால்வர்-நார் என்பவரின் பற்களும் வருகின்றன. பல்லுக்கொரு சக்தி, ஆனால் பயன்பெற வேண்டுமானால் பல்லை வாயில் வைத்துக்கொள்ள வேண்டும், அது சொந்தப் பல்லின் ஸ்தானத்தில் ஊன்றிக்கொள்ளும். எங்கள் ஐவரில் ஒருவர் நிஜமாகவே பல் டாக்டர். இந்தப் பகுதியை வாசித்துக் காட்டியபோது, எவன் வாயிலிருந்து எடுத்தது, கொதிநீரில் போட்டார்களா என்று அவர் எழுப்பிய ஆட்சேபங்களால் அன்றைய ஆட்டம் அங்கேயே நின்றது. வெக்னா என்ற மாந்திரிகனின் கையும் கண்ணும் இவற்றையெல்லாம் தூக்கியடிப்பவை. அந்தக் கை வேண்டுமானால் நம் கையை வெட்டிக்கொண்டு அதைப் பொருத்த வேண்டும்; அந்தக் கண் வேண்டுமானால் நம் கண்ணைத் தோண்டிக்கொள்ள வேண்டும். இதையொட்டி ஆட்டக்காரர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை ஒன்று உண்டு. ஒரு கோஷ்டியார் போட்டிக் கோஷ்டியை ஏமாற்ற எண்ணி, ஏதோ ஒரு தலையைக் குகையில் மறைத்து வைத்து, அது வெக்னாவின் தலை என்று புரளி கிளப்பினார்களாம். எதிர்க் கோஷ்டியார் அதைக் கைப்பற்றி, யாருடைய தலையை வெட்டிவிட்டு அதைப் பொருத்துவது என்று தமக்குள் சண்டையே போட்டுக்கொண்டு, பிறகு உண்மையாகவே வெட்டிப் பார்த்தார்களாம். அதிகார மோகத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்களில் எவரும் இத்தனை சுருக்கமாகச் சொன்னதில்லை.

1979-இல் வந்த டன்ஜன் மாஸ்டருக்கான கைந்நூலில் இன்னொரு சாதுரியம். மகா பொருள்களின் கதையை எழுதிவிட்டு, சக்தி இன்னதென்று சொல்ல வேண்டிய இடத்தில் பரீட்சைத் தாள் மாதிரி கோடிட்ட இடங்களை விட்டிருந்தார்கள். பின்னால் உள்ள பட்டியல்களிலிருந்து நன்மை இத்தனை, தீமை இத்தனை என்று பொறுக்கி டன்ஜன் மாஸ்டரே நிரப்பிக்கொள்ள வேண்டும். புத்தகத்தைத் திருட்டுத்தனமாய்ப் படித்துவிட்டு வரும் ஆட்டக்காரருக்கு ஒன்றும் அகப்படாது.

நான் செய்தது ஒரு வெண்கல மணி. அதை அடித்தால் உறங்கிக்கொண்டிருக்கும் ஒரு நகரம் விழித்தெழும் என்பது கதை. கைப்பிடி, குடம், நாக்கு, சங்கிலி என்று நான்கு துண்டுகள். ஐந்தாவதாக மணியின் ஓசை, ஒரு சீசாவில் அடைத்து மெழுகு வைத்தது. நாக்கைச் சட்டைப்பையில் வைத்திருப்பவன் பொய் சொல்ல முடியாது. குடத்துக்குள் வைத்த எந்தப் பொருளும் கெடாது. ஓசை என்ற துண்டை யோசித்த இரவு, எனக்கே என்மேல் ஒரு மரியாதை உண்டாயிற்று.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். எங்கள் கோஷ்டியில் ஆடிட்டர் ஒருவர் இருக்கிறார்; வியாபாரி வேஷம். நாக்கு அவருடைய பங்குக்கு வந்ததும், தொழில் கெட்டுவிடும் என்று சொல்லி அதை அன்றிரவே ஒரு குள்ளனுக்கு நல்ல விலைக்கு விற்றார். விற்கும்போது நாக்கு பையில் இருந்தபடியால் அதன் குறைகளையெல்லாம் அவரே ஒப்பித்தார், அப்படியும் விற்றார். குடத்தில் வீரன் மாமிசக் குழம்பு வைத்தான். கெடாத குழம்பு கிடைத்தபின் அதைக் காலி செய்து மணியாக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. சீசாவைப் பல் டாக்டர், உள்ளே நிஜமாகவே ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கத் திறந்தார். இருந்தது. ஒரு கணம் நாதம் எழுந்து அடங்கிற்று. எங்கோ முந்நூறு காத தூரத்தில் ஒரு நகரம் புரண்டு படுத்தது. சங்கிலியின் கதை வேறு. அதை வைத்திருந்த பேங்கு உத்தியோகஸ்தருக்கு வடக்கே மாற்றலாகிவிட்டது. நிஜ மாற்றல். சங்கிலியை மற்றவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று கேட்கலாம்தான். ஆனால் அவர் பாத்திரம் அதற்காக ஒரு கண்ணை இழந்திருக்கிறது, எப்படிக் கேட்பது?

இத்தகைய துண்டுகளைக் கதையில் வைப்பதே சோம்பேறித்தனம் என்று கண்டிப்பவர்களும் உண்டு. நிக் லோ என்ற ஆங்கில விமர்சகர் 1986-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இவற்றுக்குக் கதைக் கூப்பன் என்று பெயர் சூட்டினார். போதிய கூப்பன்களைச் சேர்த்து ஆசிரியருக்கு அனுப்பினால் முடிவு கிடைக்கும் என்பது பரிகாசம். நாவலைப் பொறுத்தவரை அது சத்தியம். நாவலில் வாசகன் எந்தக் கூப்பனையும் விற்க முடியாது, குழம்பு வைக்கவும் முடியாது. ஆசிரியர் சொன்ன வரிசையில் சேர்த்துத்தான் ஆக வேண்டும். மேஜைமேல் நடக்கும் ஆட்டத்தில் அந்த நியாயம் செல்லாது. இங்கே முழு மணியைக் கொடுத்தால் ஒரே மாலையில் அடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். துண்டைக் கொடுத்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வருவார்கள். இதுவே என் மாமியாருக்குப் பதில். முழுப் பொருள் ஒன்று சேருகிறதா என்பதில் எனக்கு இப்போது அக்கறை குறைவு. ஒவ்வொரு துண்டும் தன்னளவிலேயே கொஞ்சம் உபயோகமும் நிறைய உபத்திரவமும் கொடுக்கிறதா என்பதைத்தான் பார்க்கிறேன். மாயப் பொருளை ஆராய்கிறவர்கள் அதன் சக்தியை அளக்கிறார்கள். அளக்க வேண்டியது அதன் தொந்தரவை.

ஏழு என்ற எண்ணில் மட்டும் எனக்கு மரியாதை போய்விட்டது. ஏழு துண்டு சேருவதற்குள் ஆட்டக்காரர்களுக்குக் கல்யாணம் ஆகிவிடுகிறது, குழந்தை பிறந்துவிடுகிறது, வேலை மாறிவிடுகிறது. ஆகையால் இந்த வேலையில் இறங்க உத்தேசித்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். எதை உடைத்தாலும் மூன்று துண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான்காவது அவசியம் வேண்டுமென்றால், அதை மாற்றலாகக்கூடிய உத்தியோகஸ்தர் கையில் மாத்திரம் கொடுக்காதீர்கள்.