2047 வரைக்கும் தள்ளினால் போதும், அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கேள்வியைக் கேட்டிட்டு, நான் வாய் திறக்க முன்னம் போனை அம்மாட்டைக் குடுத்திட்டியள். "உந்தக் காரை என்ன விலைக்கு வாங்கினனி, திருத்த எவ்வளவு போச்சு?" அம்மாவுக்கு ஒரு கணக்குச் சொன்னன். உங்களுக்கு உண்மைக் கணக்கு: வாங்கினது 1,600 பவுண். திருத்தின காசு அதைத் தாண்டி இரண்டு வருசமாச்சு. கடிதத்தை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டேக்க இந்த வரியை விட்டிடுங்கோ.

வித்துப்போட்டுப் புதுசு எடன் எண்டுதான் அடுத்ததாக் கேப்பியள். பக்கத்து வீட்டுக்காரர் எடுத்தவர். 2013ஆம் ஆண்டு டீசல் கார், வலு வடிவு. வாசல்ல நிப்பாட்டி எனக்குச் சுத்திக் காட்டினவர். 2023 ஓகஸ்ட் 29ஆம் திகதி லண்டன் முழுக்கப் புகைச் சட்டம் வந்துது. பெற்றோல் கார் யூரோ 4 எண்டால் காணும், டீசல் யூரோ 6 ஆக இருக்கோணும். இல்லாட்டி ஓடுற ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண். என்ர 2007ஆம் ஆண்டுப் பெற்றோல் கார் சும்மா ஓடுது, அவற்றை கார் காசு கட்டி ஓடுது. அண்டைக்கு அவர் என்ர காரைப் பாத்து ஒரு பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சுக்காகவே இன்னும் நாலு வருசம் வைச்சிருக்கலாம்.

ஆனா வருசத்துக்கொருக்கா எம்.ஓ.ரி. எண்டு ஒரு சோதினை இருக்கு. போக்குவரத்து அமைச்சின்ர பழைய ஆங்கிலப் பேரில இருந்து வந்த மூண்டெழுத்து. அமைச்சு எப்பவோ பேரை மாத்திட்டுது, சோதினை மாத்தேல்லை. காருக்கு மூண்டு வயசானால் தொடக்கம். நம்பர் பிளேற்றுக்கு வெளிச்சம் இல்லாட்டியும் பெயில். ஓ.எல். முடிவையெண்டாலும் நான் இரண்டு நாள் உங்களிட்டை மறைச்சனான். இந்த முடிவை மறைக்கேலாது. கார் நம்பரை அடிச்சால் அரசாங்கத்தின்ர இணையத்தளத்தில ஆரும் பாக்கலாம். கனடா மாமா அங்கையிருந்து பாத்திட்டு விடிய நாலு மணிக்குப் போன் எடுத்தார்: "தம்பி, உன்ர இடப்பக்கப் பின் ரயர் தேஞ்சு போச்சாம்."

சரி, போன மாதக் கூத்துக்கு வாறன். டாஷ்போர்டில எஞ்சின் மாதிரி ஒரு மஞ்சள் லைற் எரிஞ்சுது. அது எரிஞ்சாலும் பெயில்தான். கராஜ்காரன் பொனற்றைக்கூடத் திறக்கேல்லை. புகைக்குழாயில இருக்கிற கற்றலிற்றிக் கொன்வேற்றர் போச்சு, 850 பவுண் எண்டான். நான் விடுவனே? 15 பவுணுக்கு ஒரு சீனத்து ஸ்கானர் வாங்கி ஸ்ரியறிங்குக்குக் கீழ செருகினன். போனில வந்துது: பி0420. கொன்வேற்றர் சரியா வேலை செய்யேல்லை எண்டு அர்த்தம். அதே ஸ்கானரில ஒரு பட்டன் இருக்கு, அமத்தினால் லைற் நூந்திடும். அமத்தினன், நூந்துது. உங்கட மருமகளுக்கு 835 பவுண் மிச்சம் பிடிச்சிட்டன் எண்டு அறிவிச்சன். மூண்டாம் நாள் பள்ளிக்கூடத்தடியில திரும்பவும் எரிஞ்சுது. காய்ச்சல்காரன்ர தேமாமீற்றரை உதறி வைச்சிட்டுக் காய்ச்சல் மாறிட்டுது எண்ட மாதிரித்தான் என்ர வைத்தியம்.

பிறகு வேலையிடத்தில ஒராள் ஒரு வழி சொல்லித் தந்தார். கவுன்சில் தங்கட குப்பை லொறியளைச் சோதிக்க ஒரு நிலையம் வைச்சிருக்கு. அங்கை நாங்களும் போகலாம். அவையள் சோதிப்பினம், திருத்த மாட்டினம். அதால பெயிலாக்கி அவைக்கு ஒரு சதமும் லாபமில்லை. காருக்கு 54.85 பவுணுக்கு மேல எங்கையும் வாங்கவும் ஏலாது. கொண்டு போனன். பெயில்தான். ஆனா சோதிச்ச மனிசன் கீழ நிண்டு ரோச் அடிச்சுப் பாத்திட்டு, "கொன்வேற்றரை மாத்த முதல் உந்தக் குழாய்ப் பூட்டைக் காட்டு, காத்துப் போகுது" எண்டான்.

காத்திருக்கேக்க அங்கை சுவரில ஒரு சட்டம் ஒட்டியிருந்துது. கேட்டால் சிரிப்பியள். 40 வயசு தாண்டின காருக்கு எம்.ஓ.ரி. தேவையில்லை. றோட் வரி இல்லை. புகைக் காசும் இல்லை. இருபது வயசும் நிரம்பாத என்ர கார் ஆபத்து, எழுபது தாண்டின உங்கட ஒஸ்ரின் ஏ-40 ஆபத்தில்லை! அது பிறந்ததும் இந்த நாட்டிலதானே, பேர்மிங்ஹாம் லோங்பிறிட்ஜில. 1953 சொமர்செற் எண்டு சொன்னால் வெள்ளைக்காரன் தொப்பியைக் கழட்டுவான். எம்.ஓ.ரி. விலக்குக்கு ஒரு நிபந்தனை, கடைசி 30 வருசத்தில பெரிய மாற்றம் ஒண்டும் செய்திருக்கக் கூடாது. எனக்குப் பக்கெண்டுது. உடைஞ்ச வேறொரு ஒஸ்ரின்ர எஞ்சினை உங்கட காரில ஏத்தினது எப்ப எண்டு அம்மாட்டைக் கேட்டன். "பெரியக்கான்ர சாமத்திய வீட்டுக்கு முதல் கிழமை" எண்டா. அப்ப 1991. தப்பிட்டியள்.

என்ர காருக்கு 2047இல 40 வரும். எனக்கு அப்ப 69. இந்த நாட்டில 70இல லைசென்ஸைப் புதுப்பிக்கோணும். ஆகச் சோதினையில்லாத காரும் லைசென்ஸ் உள்ள நானும் சேந்து ஓட ஒரு வருசம் இருக்கு. கலண்டரில அடையாளம் போடக் கலண்டர் காணாது, சுவரில எழுதட்டோ எண்டு மருமகளைக் கேட்டன். அவ பாத்த பார்வைக்கு எந்த ஸ்கானரிலயும் நம்பர் இல்லை.

குழாய்ப் பூட்டுக்கு ஆளைத் தேடினால், ரயில் பாலத்து வளைவுக்குக் கீழ ஒரு கரீபியன் கிழவர் கராஜ் வைச்சிருக்கிறார். ஸ்கானரை நீட்டினன். அவர் அதைப் பாக்கேல்லை. ஒரு நீட்டுத் திருப்புளியை எடுத்து, முனையைக் குழாயில முட்டி, பிடியைக் காதில வைச்சார். அப்பா, நான் அதிலயே நிண்டிட்டன். கையைக் கழுவ அவர் மண்ணெண்ணெய்ச் சட்டியைத் திறந்தார். அந்த மணத்தோட எங்கட ஒழுங்கை, மண்ணெண்ணெயில ஓடின ஒஸ்ரினை ஸ்ரார்ட் பண்ணப் போத்தல் மூடியால காபரேற்றருக்குள்ள நீங்கள் சொட்டுச் சொட்டா விட்ட பெற்றோல், வெள்ளைப் புகை, பின்னால தள்ளிக்கொண்டு நான். பொருளாதாரத் தடைக் காலத்தில ஒரு சாமானும் இல்லாமல் ஓடினியள். இங்கை எல்லாச் சாமானும் இருக்கு, காது வைக்கிற ஆள்தான் இல்லை.

பூட்டுக்குள்ள இருந்த காஸ்கற் கருகியிருந்துது. அதால உள்ள போன காத்து பின் சென்சரை ஏமாத்த, அது கொன்வேற்றரில பழி போட்டிருக்கு. எல்லாம் சேத்து 70 பவுண். பத்து வேலை நாளுக்குள்ள திரும்பக் கொண்டு போனபடியால் பெயிலானதை மட்டும் பாத்துக் குறைஞ்ச காசுக்குப் பாஸாக்கிவிட்டாங்கள். கனடா மாமா பாத்திருப்பார். ஆனா இதுக்குப் போன் வரேல்லை.

நீங்கள் கேட்ட டிஸ்ரிபியூற்றர் மூடி கிடைச்சுது. எழுபது வருசக் காருக்கு அடுத்த நாளே தபாலில வந்துது, என்ர ரயருக்குத்தான் ஒரு கிழமை நிக்கச் சொல்லியிருக்கிறாங்கள். சித்தப்பா வரேக்க குடுத்து விடுறன். பூட்டிட்டு ஸ்ரார்ட் பண்ணேக்க எனக்கு வீடியோ எடுங்கோ. ஒண்டும் கதைக்க வேண்டாம். போனை எஞ்சினுக்குக் கிட்டப் பிடியுங்கோ, சத்தம் கேட்டால் காணும்.

அன்பு மகன்,
சின்னவன்