நோபல் பரிசும் அரைப்பேரும்

ஏன்டா தம்பி, கழுத்துல ஒரு அட்டை தொங்குது, காலுல ஒரு அட்டை ஏறுது. மொதல்ல கீழ உள்ளதத் தட்டிவிடு. தோட்டத்துல ஏன் ஆளில்லன்னு கேக்கவா கொழும்புலருந்து பசறைக்கு வந்த? நேத்து நீ கொத்துரொட்டி தின்ன கடையில தட்டு கழுவுனானே, அவன் எங்க லயத்துப் பொடியன். அவனக் கேட்டிருந்தா பஸ் காசு மிச்சம்.

டேவிட் கார்டுன்னு ஒரு பெரிய தொரையச் சொன்ன. 1992ல நியூஜெர்சியில மணிக்கூலி 4.25 டொலர்லருந்து 5.05 ஆச்சாம். பக்கத்துப் பென்சில்வேனியாவுல ஏறலயாம். ரெண்டு பக்கத்துச் சாப்பாட்டுக் கடையிலயும் ஆள எண்ணிப் பாத்தா, கூலி ஏறுனதால வேலை கொறையலயாம். 2021ல நோபல் பரிசு. நல்ல மனுசன்தான்.

அதே 2021 மார்ச்சுல இங்கயும் வர்த்தமானி வந்துச்சு. நாள் சம்பளம் 1000 ரூவா. தொரைமாரு ஆளயா நிப்பாட்டுனாங்க? தராசத்தான் புடிச்சாங்க. பதினெட்டு கிலோ எடு, இருவது கிலோ எடு, கொறஞ்சா அரைப்பேரு, பாதிச் சம்பளந்தான்னாங்க. கொழுந்து நிறுக்கையில நின்னு பாத்திருக்கியா? ஈரத்துக்கு ஒரு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோ கழியும். மழை பேஞ்சது கொழுந்தெடுக்குறவ குத்தமா?

2024ல 1350 ஆச்சேங்கிற. 2022 ஆகஸ்டுல மண்ணெண்ணெய் 87 ரூவாயிலருந்து ஒரே ராத்திரியில 340 ஆச்சே, அது ஒன் கோப்புல இருக்கா?

அந்தா, பாதைக்கு அங்கிட்டு சிறுதோட்டம். அதே கொழுந்து, அதே மழை. எடுத்த கிலோவுக்குக் கையில காசு. இங்க பேரு போட்டுட்டு அந்திக்கு அங்க ஓடுதுக எங்க பொம்பளையாளுங்க. சோம்பேறிகளா இவளுக? ரெண்டு பக்கத்தயும் ஒப்புப் பாக்க அமெரிக்கா எதுக்கு? பாதையத் தாண்டு, போதும்.

இடப்பெயர்வுன்னு வேற எழுதியிருக்க. எங்க பாட்டனுங்கள மண்டபம் முகாம்ல அடைச்சுக் கப்பலேத்துனாங்க. 1964ல சிறிமாவும் சாஸ்திரியும் அஞ்சேகால் லட்சம் பேர இந்தியாவுக்கு அனுப்பக் கையெழுத்துப் போட்டாங்க. எங்களக் கேட்டா போட்டாங்க? இப்ப பேத்தி தானாப் பெட்டியத் தூக்கிக்கிட்டு குவைத்துக்குப் போனா, ஒடனே ஒங்களுக்குக் கருத்தரங்கு!

சரி, எழுதிக்க. காலையில பேரு போடுற பெரட்டுக்கு வா, கூடை கட்டிவிடச் சொல்றேன். இருவது கிலோ எடுத்துட்டியானா, ஒன் அறிக்கையில நானே கைநாட்டு வைக்கிறேன். கொறஞ்சா, ஒன் பட்டத்துல பாதியக் கழிச்சுக்குவோம்.