கொல்லைப்புறம் யாருடையது?

பழைய வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் பால் காய்ச்சிய மறுநாளே கையில் விதைப் பொட்டலத்தோடு கொல்லைக்கு ஓடுவது ஏன், ஓடியும் ஒன்றும் முளைக்காதது ஏன் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இத்துறையில் முன்னோர் நூல் ஏதும் எம் கண்ணில் படவில்லை. எழுத வேண்டியவர்கள் மண்வெட்டி தேடிக்கொண்டிருந்திருக்கலாம்.

முதற்கண் காலம். ஆனி, ஆடி, புரட்டாசி, மார்கழியில் வீடு மாறலாகாது என்பது வழக்கு. மிச்ச மாதங்களைப் பள்ளிக்கூடம் தீர்மானிக்கிறது. முழுப்பரீட்சை முடிந்து பள்ளி திறப்பதற்குள் சாமான் இறங்கியாக வேண்டும். ஆகவே சட்டி பானை வந்து சேர்வது பெரும்பாலும் சித்திரை, வைகாசியில். இலக்கணப்படி அது இளவேனில். மே 4 வாக்கில் தொடங்கும் கத்திரி வெயில் இலக்கணம் படித்ததில்லை. அஃதேல், வேம்பும் புங்கும் சரக்கொன்றையும் அப்போதுதானே பூக்கின்றன எனின், ஆம். அவை ஆழ வேர்விட்ட மரங்கள். நேற்று போட்ட கத்தரி விதை அத்தகையதன்று என்க.

இனி இடம். பழைய வீட்டுக் கொல்லையில் மண்ணும் உண்டு என்று சொல்வதே பொருந்தும். 1865இல் மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார்கள். அந்த ஓடு தெற்கே வந்து நாட்டு ஓட்டை இறக்கியபோது, இறங்கியது எங்கே போயிருக்கும்? கொல்லைக்குத்தான். சுவரில் பெயர்ந்த சுண்ணாம்புக் காரை, வெள்ளையடித்து மிஞ்சிய சுண்ணாம்பு, உடைந்த ஊறுகாய் ஜாடி எல்லாம் அங்கேதான் ஐக்கியம். சுண்ணாம்பு ஏறிய மண் காரமாகும். காரமண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேருக்கு எட்டாது. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இந்நோய் கண்ட கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றுவது நம் மாமியார்களின் வைத்தியம். அமிலத்தால் காரத்தை முறிக்கும் வேதியியல் அவர்களுக்குச் செவிவழி வந்தது என்று கொள்ள இடமுண்டு. புளித்த மோரைக் கொட்ட ஓர் இடம் வேண்டியிருந்தது என்று கொள்ளவும் இடமுண்டு. இரண்டாவதே எம் துணிபு.

கறிவேப்பிலை வந்துவிட்டதால் ஒரு கிளைச்செய்தி. தாவரவியலறிஞர் லின்னேயசின் மாணவர் யோகன் கெர்ஹார்டு கோனிக் 1768இல் தரங்கம்பாடி மிஷனுக்கு மருத்துவராக வந்தார். 1771இல் லின்னேயஸ் கறிவேப்பிலைக்கு இட்ட தாவரவியல் பெயரில் இந்த மாணவரின் பெயரும் ஏறிவிட்டது. ஆய்வுக்கு வேண்டிய செய்தி யாதெனில், கோனிக்கும் குடிவந்தவரே. அவர் புகழ் பெற்றது வந்த இடத்தில் ஏற்கெனவே என்ன வளர்கிறது என்று பார்த்து எழுதியதால். நம்மவரோ வந்ததும் ஆள் வைத்துக் கொல்லையைச் சுத்தம் செய்கிறார். மூக்கிரட்டை, பொன்னாங்கண்ணி, கீழாநெல்லி, காக்கை எச்சத்தில் முளைத்த சுண்டைச் செடி அனைத்தும் களை என்று போய்விடுகின்றன. மறுவாரம் சந்தையில் அதே பொன்னாங்கண்ணியைக் கட்டுக் கட்டாகக் காசு கொடுத்து வாங்கி வருகிறார். இதை முரண் என்று அவர் உணர்ந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை.

அப்படியானால் கொல்லை யாருடையது? பட்டாவில் பெயர் உள்ளவருடையது என்பது பூர்வபட்சம். அது பொருந்தாது. பாத்திரம் தேய்க்கிற தண்ணீரும் துவைக்கிற கல்லிலிருந்து வழிகிற தண்ணீரும் எங்கே போய் நிற்கின்றனவோ அங்கே வாழை நிற்கும், பக்கத்தில் சேம்பு நிற்கும். அந்த வாழையை வைத்தவர் யார் என்று வீட்டை விற்றவருக்கே தெரியாது. தாய்மரம் போய்க் கன்று, கன்று போய் அதன் கன்று என்று பல குடித்தனங்களைப் பார்த்த இனம் அது. ஆக, கொல்லையின் உண்மையான உரிமையாளர் சாக்கடை என்பது பெற்றாம். குழாயை மாற்றி அந்தத் தண்ணீரை நகராட்சிக் கால்வாயில் விட்டவர்கள் அடுத்த கோடையில் வாழையைத் தேடியதுண்டு.

கொல்லையில் நிற்கும் மற்றொன்று முருங்கை. அதை வாசலில் வைக்காதே என்பதற்குப் பேய் பிசாசு என்று காரணம் சொல்வோர் உளர். மரம் மெத்து, காற்றுக்குக் கிளை முறியும். மழைக்காலத்தில் அடிமரம் முழுக்கக் கம்பளிப்பூச்சி அப்பிக்கொள்ளும். பேய் தேவைப்படவில்லை.

சித்திரையில் இறங்கியவர் நிழல் பார்த்து நாற்று வைக்கலாகாதோ எனின், ஆகாது. தமிழ்நாட்டில் சூரியன் சித்திரையில் நேர் உச்சிக்கு வந்து, பிறகு வடக்கே சற்றுச் சாய்ந்து, ஆவணி வாக்கில் மறுபடி உச்சியைக் கடக்கிறது. ஆகவே வைகாசி நடுப்பகலில் மதிலின் நிழல் தெற்கே விழும்; ஐப்பசியில் அதே நிழல் வடக்கே போய்விடும். வைகாசி நிழலை நம்பி வைத்த செடி ஐப்பசியில் வேறு வீட்டில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும்.

ஆடியில் வீடு மாறாதே என்றவர்களும் ஆடிப்பட்டம் தேடி விதை என்றவர்களும் ஒரே ஆட்களாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்பது எம் கருதுகோள். விதைக்கிற மாதத்தில் பீரோ தூக்க ஆள் கிடைக்காது. ஆடியில் மண் நனையத் தொடங்கும். செடி வேர் பிடித்து நிற்கும்போது ஐப்பசி, கார்த்திகையின் வடகிழக்குப் பருவமழை வரும். ஆகையால் குடிவந்தவர் ஆடி வரை செய்யத்தக்கது, திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்தபடி எது தானாக முளைக்கிறது, தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்ப்பது. இதைச் சோம்பல் என்று வீட்டில் சொன்னால் இக்கட்டுரையைக் காட்டலாம்.

நம்ப மறுப்போர் அவரையைக் கேட்கட்டும். நாட்டுப் பந்தல் அவரை பகல் குறுகினால்தான் பூக்கும். சித்திரையில் ஊன்றினாலும் ஆடியில் ஊன்றினாலும் அது காய்ப்பது மார்கழி, தையில்தான். சித்திரையில் ஊன்றியதற்கு மூன்று மாதத் தண்ணீர் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவே.